கப்பல் காத்திருக்கும் என்ற வாக்குறுதிக்கு என்ன விலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரீபியன் உல்லாசக் கப்பல் பயணம் பற்றித் தங்கள் பத்திரிகையின் பயணப் பக்கத்தில் சென்ற மாதம் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் சில மணித்தியாலங்களில் ஊர் சுற்றிக் காட்டுவதற்குக் கப்பல் நிறுவனம் விற்கும் கரைச் சுற்றுலாக்களை வாங்குபவர்கள் வீணே பணத்தை இறைக்கிறார்கள் என்றும், அதே இடத்தை அதே நேரத்தில் பாதி விலைக்குக் காட்டுவதற்கு இறங்குதுறை வாசலிலேயே ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் கட்டுரையாளர் ஐயத்துக்கு இடம் வைக்காமல் எழுதியிருந்தார். பாதி விலை என்பதில் எனக்கு மறுப்பில்லை. சில தீவுகளில் பாதிக்கும் குறைவாகவே நான் கொடுத்திருக்கிறேன். ஆனால் மரக்கறிச் சந்தையில் இரண்டு கூறுகளின் விலையைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, இரண்டிலும் இருப்பது ஒரே பண்டம்தானா என்று கட்டுரையாளர் கிளறிப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ரொறொன்ரோ நகரப் பேருந்துச் சாரதியாக இருபத்தேழு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஓய்வுக்குப் பிறகு மனைவியுடனும், சில தடவை சகோதரர்களின் குடும்பங்களுடனும் ஆறு முறை கரீபியன் கடலில் பயணம் செய்திருக்கிறேன். ஃபிஞ்ச் அவென்யூவில் பனிக்காலத்து மாலை ஐந்து மணிக்குப் பேருந்து ஓட்டியவனுக்கு ஒரு பாடம் மறக்காது: அட்டவணையில் எழுதியிருக்கும் ஓட்ட நேரம் வேறு, வீதி கொடுக்கும் நேரம் வேறு. கரைச் சுற்றுலாவைத் தெரிவு செய்யும் போதும் நான் விலைப்பட்டியலுக்கு முன் இதைத்தான் பார்க்கிறேன்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு உண்மையில் கிடைப்பது ஒரு வாக்குறுதி. அவர்கள் அனுப்பிய பேருந்து வழியில் சிக்கிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். துறைமுக விதியோ வானிலையோ காத்திருக்க விடாவிட்டால், அடுத்த துறைமுகத்தில் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவும் பொறுப்பும் நிறுவனத்துடையது. தனியாரிடம் போனவருக்கு இந்த வாக்குறுதி இல்லை. கப்பல் புறப்படுவதற்குப் பொதுவாக அரை மணித்தியாலம் முன்னதாக, சில கப்பல்களில் அதற்கும் முன்னதாக, எல்லோரும் ஏறிவிட வேண்டும் என்ற நேரம் ஒன்று உண்டு. அது கடந்தால் ஏணியை இழுத்துவிடுவார்கள். வராதவரின் அறைக்குள் சென்று பாதுகாப்புப் பெட்டியைத் திறந்து, கடவுச்சீட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அதன் பிறகு விமானச் சீட்டு, தங்குமிடம், அடுத்த நாட்டின் நுழைவு அனுமதி எல்லாம் அவரவர் தலைவலி.

இது கதையாகச் சொல்லும் பயமுறுத்தல் அல்ல. 2024 மார்ச்சில், கரீபியனுக்கு வெகு தூரத்தில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சாவோ தோமே தீவில் தனியார் சுற்றுலாவுக்குப் போன எட்டுப் பயணிகள் நேரத்துக்குத் திரும்பவில்லை; கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போனது. நாடு நாடாகப் பறந்து காம்பியாவில் பிடிக்கப் பார்த்தார்கள். அங்கே கடலின் நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் கப்பல் கரைக்கு வரவில்லை. கடைசியில் செனகலின் டாக்காரில்தான் அவர்களால் ஏற முடிந்தது. செய்தி உலகெங்கும் வந்தது. கப்பல் செய்தது ஈவிரக்கமற்றது என்று ஒரு பக்கமும், நேரம் பார்க்காதவர்கள் மேல்தான் பிழை என்று மறுபக்கமும் பேசினார்கள். எனக்கு அந்த விவாதத்தில் நாட்டமில்லை. இரண்டு வகைச் சுற்றுலாவுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த எட்டுப் பேரின் ஒரு வாரம் காட்டிவிட்டது.

இனி, தாமதம் எப்படி வரும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்று. பாடசாலைகளின் மார்ச் விடுமுறையில்தான் எங்கள் ஆட்கள் பெருந்தொகையாகக் கப்பல் ஏறுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மயாமியில் இருந்து புறப்பட்ட கப்பல் மெக்சிக்கோவின் கொசுமெல் தீவில் நின்றது. என் தம்பி, மனைவி பிள்ளைகளுடன் வாடகைக் காரில் தீவின் தென்மேற்குக் கரைக்குக் குளிக்கப் போனான். கப்பலில் ஏற வேண்டிய நேரம் நாலரை மணி. நாலு மணிக்கு இறங்குதுறையில் நின்றால் போதும், அரை மணித்தியாலம் கையிருப்பு என்று அவன் கணக்கு. மகளுக்கு வெயிலில் வயிற்றைப் புரட்டி வாந்தி வந்ததால், முகம் சுருங்கிப்போய், கைத்தொலைபேசியில் மூன்று மணி காட்டும்போதே திரும்பி வந்துவிட்டார்கள். சோதனை வாசலில் நின்ற கப்பல் பணியாளர் கையை ஆட்டி விரைவாக வரும்படி அழைத்தபோது தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேல்தட்டில் வரிசையாக நின்று, கடைசியாக ஓடி வருபவர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்த கூட்டத்தை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் தன் தொலைபேசியையும் கப்பலின் கடிகாரத்தையும் ஒப்பிட்டான். கப்பலில் நாலு மணி தாண்டியிருந்தது.

காரணம் எளியது. கொசுமெல் இருக்கும் கின்தானா ரோ மாநிலம் 2015 இல் இருந்து ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. கோடைக்காக மணியை முன்தள்ளுவதில்லை. மயாமியும் ரொறொன்ரோவும் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு முதல் ஒரு மணித்தியாலம் முன்னே போய்விடுகின்றன. ஆகவே ஜனவரியில் கொசுமெல் போனவருக்குக் கப்பல் நேரமும் கரை நேரமும் ஒன்றாக இருக்கும். மார்ச் விடுமுறையில் போனவருக்குக் கரை ஒரு மணித்தியாலம் பின்தங்கி இருக்கும். கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கரையில் தானாக மாறிக்கொள்ளும் கைத்தொலைபேசி உங்களை நட்டாற்றில் விட்டுவிடும். ஜமெய்க்காவிலும் கேமன் தீவிலும் இதே நிலைதான். கிழக்கே சென் மார்ட்டின், சென் தோமஸ் போன்ற தீவுகளில் பனிக்காலத்தில் கரை ஒரு மணித்தியாலம் முன்னே இருக்கும். அங்கே ஏமாந்தாலும் முந்தித்தான் வருவீர்கள், நட்டமில்லை. சில கப்பல்கள் துறைக்குத் துறை மணியை மாற்றும், சில மாற்றா. கப்பலில் இறங்கும் வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்துச் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் நேரத்தை வைத்துக்கொள்வதே என் வழக்கம். கப்பல் சுற்றுலாவில் போனவருக்கு இந்தக் கவலை வழிகாட்டியுடையது; தனியே போனவருக்குத் தன்னுடையது.

சரி, அப்படியானால் எல்லாத் துறைமுகத்திலும் கப்பல்காரரிடமே வாங்கிவிடலாமா என்றால், அதுவும் என் கருத்து இல்லை. கப்பல் காத்திருக்கும் என்ற வாக்குறுதி சில துறைமுகங்களில் தங்கத்துக்குச் சமன். சிலவற்றில் அதற்குச் சல்லிக்காசு பெறுமதி இல்லை. எது எது என்பதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சென் தோமஸில் ஹேவன்சைட் இறங்குதுறையில் இருந்து மேகன்ஸ் பே கடற்கரைக்கு மலையேறி இறங்கினால் இருபது நிமிட அளவுதான். பக்கங்கள் திறந்த, வாங்கு இருக்கைகள் போட்ட வண்டிகளில் ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை. அதை விதிப்பது, சென் தோமஸ் அடங்கிய அமெரிக்க வெர்ஜின் தீவுகளின் வாடகை வண்டி ஆணைக்குழு. பேரம் பேசவும் தேவையில்லை, ஏமாற்றப்படுவோமோ என்ற பயமும் தேவையில்லை. இந்தக் கடற்கரைக்குப் போவதற்குக் கப்பலிடம் சுற்றுலா வாங்குபவரைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரிப்பதுண்டு. (அந்தத் தீவில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன, ஆனால் ஸ்டியரிங் சில்லும் இடப்பக்கத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் இருந்து இறக்கிய வாகனங்கள். வளைவுகளில் எதிரே வருவதைச் சாரதி எப்படிப் பார்க்கிறார் என்று பின் இருக்கையில் இருந்து யோசித்தே என் பயணம் முடிந்துவிட்டது.) பார்படோஸில் பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் குடாவும் அப்படித்தான்; வாடகைக் கார் பழுதானாலும் நடந்தே கப்பலுக்கு வந்துவிடலாம்.

சென் மார்ட்டின் இடைநிலை. பிலிப்ஸ்பர்க் துறைமுகத்தில் இருந்து, விமானங்கள் தலைக்கு மேல் தாழப் பறந்து இறங்கும் மாகோ கடற்கரைக்குத் தூரம் பெரிதில்லை. ஆனால் நடுவில் சிம்ப்சன் பே தூக்குப்பாலம் இருக்கிறது. களப்புக்குள் பாய்க்கப்பல்கள் நுழையும் நேரத்தில் பாலத்தைத் தூக்கிவிடுவார்கள். வாகனங்கள் அப்படியே நிற்கும். 2013 இல் களப்பின் குறுக்கே இன்னொரு பாலம் கட்டிய பிறகு நெருக்கடி குறைந்திருந்தாலும், நாலைந்து பெரிய கப்பல்கள் ஒரே நாளில் நிற்கும்போது அந்த ஒற்றை வீதி அசையாது. அங்கே நான் தனியார் வண்டியில்தான் போனேன். மத்தியானத்துக்கு முன்பே போய்விட்டு, ஏற வேண்டிய நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னதாகத் திரும்பிவிட்டேன். மனைவிக்கு அது அநியாயமாகத் தெரிந்தது. பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன்.

சென் லூசியா வேறு கதை. கப்பல் நிற்பது வடமேற்கே காஸ்ட்ரீசில். எல்லோரும் பார்க்க வரும் இரட்டை மலைகளான பிட்டோன்களும் கந்தக ஊற்றுகளும் தென்மேற்கே சுஃப்ரியேர் ஊர்ப்பக்கம். 2004 இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. இடையில் இருப்பது மலைச்சரிவில் பாம்பாய் வளையும் ஒரே கரையோர வீதி. ஒரு வழிக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். ஒரு லொறி சாய்ந்தாலோ மழைக்கு மண் சரிந்தாலோ மாற்று வழியாகத் தீவைச் சுற்றித்தான் வர வேண்டும். நான் பேருந்துச் சாரதியின் கண்ணால் அந்த வீதியைப் பார்த்தேன். அதில் எந்தச் சாரதியும், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நேரத்துக்கு உத்தரவாதம் தர முடியாது. அங்கே கப்பல் சுற்றுலாவுக்கு ஆளுக்கு நூறு டொலருக்கு மேல் கொடுத்ததற்கு நான் வருந்தவில்லை. தனியாக ஒழுங்கு செய்வதானால், படகில் போய்ப் படகில் திரும்பும் சுற்றுலாவைத் தேடலாம். கடலில் வாகன நெரிசல் இல்லை.

கொசுமெலில் இருந்து, பழங்கால மாயர் இனத்தவரின் நகர இடிபாடுகள் உள்ள சிச்சென் இட்சாவுக்குப் போவது இதைவிடப் பெரிய சூதாட்டம். தீவில் இருந்து பிளாயா டெல் கார்மெனுக்கு முக்கால் மணித்தியாலப் படகு. அங்கிருந்து இரண்டரை மணித்தியாலப் பேருந்து. திரும்பும் போதும் அதே. கப்பல் நிற்கும் எட்டுப் பத்து மணித்தியாலத்துக்குள் இதை அடக்க வேண்டும். கடல் கொந்தளித்துப் படகுச் சேவை நின்றுவிட்டால் தனியாளுக்கு வழியே இல்லை. இதைத் தனியாரிடம் மலிவாக வாங்கலாம் என்று கட்டுரையாளர் எழுதியதை மட்டும் தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள்.

கேமன் தீவிலும் பெலீஸ் நகரத்திலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கப்பல் கரையைத் தொடாது. கேமன் தலைநகர் ஜோர்ஜ்டவுனில் கப்பலுக்கு இறங்குதுறை கட்டுவதா என்று 2025 ஏப்ரலில் அந்நாட்டு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள்; வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெலீஸ் நகரத்தின் முன்னால் கடல் ஆழமில்லாததால் பல கிலோமீட்டர் தள்ளியே நங்கூரம் போடுவார்கள். கரைக்குப் போவது சிறு படகுகளில். கப்பல் சுற்றுலாக்காரர்களை முதலில் இறக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சீட்டு. ஒன்பது மணிக்குக் கரையில் வண்டி நிற்கும் என்று தனியாரிடம் சொல்லி வைத்திருந்த நாங்கள், பெலீசில் பத்தரைக்குத்தான் கரையில் கால் வைத்தோம். அவர் பொறுமையாக நின்றார். எல்லோரும் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கேமனில் திருக்கை மீன்களைப் பார்க்கப் போகும் மணல்திட்டுக்கு நான் தனியாரிடமே போவேன். போய்வரும் தூரம் குறைவு, படகுகள் நாள் முழுதும் ஓடுகின்றன, கப்பல்காரர் நாற்பது ஐம்பது பேரை ஏற்றும் இடத்தில் இவர்கள் பன்னிரண்டு பேரைக் கொண்டுபோகிறார்கள்.

கூட்டம் என்றதும் கப்பல் சுற்றுலாவின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் கப்பல் நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குவதாகி விடும். 2024 இல் ஓடத் தொடங்கிய மிகப் பெரிய கப்பலில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றலாம். ஒரு காலையில் அத்தனை பேரையும் ஒரு சின்னத் தீவில் இறக்கினால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். கையில் இலக்கத் துண்டுடன் வரிசை, ஐம்பது பேர் பேருந்து, கழிவறைக்கு வரிசை, நகைக்கடையில் இருபது நிமிடம், அருவியில் பதினைந்து நிமிடம். மூட்டு வலியுள்ள அம்மாமாரை அழைத்துப் போனால் முன்னே போகிறவர்களோடு ஓடவும் முடியாது, பின்னால் நிற்கவும் முடியாது. சைவச் சாப்பாடு கேட்டால் கோழியை எடுத்துவிட்டு அதே சோற்றைத் தருவார்கள்.

எனக்கு மிகவும் மனதில் தைத்தது குவாதலூப்பில் நடந்தது. அது பிரெஞ்சுத் தீவு. கப்பல் சுற்றுலாவில் கார்பே அருவிகளைப் பார்க்க, புவாந்த்-ஆ-பீத்ர் துறைமுகத்தில் இருந்து தெற்கே போய்க்கொண்டிருந்தோம். கப்பெஸ்தேர் என்ற ஊரை நெருங்கும்போது வாழைத் தோட்டங்களுக்கு நடுவில், வீதியோரத்திலேயே, வண்ண வண்ணச் சுதை உருவங்களோடு ஒரு கோபுரம் தெரிந்தது. மனைவி என் கையைப் பிடித்து இழுத்தார். நான் கழுத்தைத் திருப்பி முடிப்பதற்குள் பேருந்து கடந்துவிட்டது. வழிகாட்டி ஒலிவாங்கியில் அது இந்துக் கோயில் என்று ஒரு வரி சொன்னார். நிறுத்த முடியுமா என்று கேட்டேன். நிரலில் இல்லை என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. நாற்பத்தெட்டுப் பேருக்காகப் போட்ட நிரல். நானும் ஓட்டிய காலத்தில் தரிப்பிடம் இல்லாத இடத்தில் யாருக்காகவும் நிறுத்தியதில்லை.

இரண்டு ஆண்டு கழித்து அதே தீவுக்கு வேறொரு கப்பலில் போக வாய்த்தபோது தனியாக ஒரு வாகனம் பேசினோம். ஒன்பது பேர். ஆங்கிலம் தெரிந்த சாரதி கிடைப்பது அங்கே அரிது என்பதால் மூன்று மாதம் முன்பே மின்னஞ்சலில் ஒழுங்கு செய்தேன். வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய குடும்பப் பெயர், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலுக்குள் ஒளிந்திருந்த ஒரு சாமியின் பெயர். எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒருவருக்கு இருக்கும் பெயர். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது என்றுதான் முதலில் சொன்னார். சாங்ஜி என்னும் அந்தக் கோயிலின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும், மூலையில் தொங்கிய பறையைக் காட்டி 'தப்பு' என்றார். பக்கத்தில் இருந்ததைக் காட்டி 'மத்தாலோன்' என்றார். மத்தளம். மாரியம்மனை அவர்கள் அழைக்கும் பெயர் 'மாலியேமன்'. என் மனைவி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். 1854 டிசம்பர் 24 அன்று முதற்கப்பலில் வந்து இறங்கியவர்கள் தொடக்கம், முப்பத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 42,000 பேர் கரும்புத் தோட்டங்களுக்கென்று இந்தியாவில் இருந்து அந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஏற்றப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். அவர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904 இல் போராடத் தொடங்கி 1923 இல் வென்ற ஆன்றி சிதம்பரம் இதே கப்பெஸ்தேர்க்காரர் என்பதையும் சாரதிதான் சொன்னார். மத்தியானம் ஒரு வீதியோரக் கடையில் 'கொலொம்போ' என்று பெயர் சொல்லிப் பரிமாறிய கறியின் வாசம் எங்கள் வீட்டுச் சரக்குத்தூளுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

இதைத் தரக் கூடிய கப்பல் சுற்றுலாவை நான் எங்கும் கண்டதில்லை. ஆனால் அந்த நாளை நான் எப்படி ஒழுங்கு செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். கப்பெஸ்தேரில் இருந்து துறைமுகத்துக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். வழியில் தீவின் இரண்டு பாதிகளை இணைக்கும் காபார் பாலத்தைக் கடக்க வேண்டும். வேலை முடியும் நேரத்தில் அங்கே வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். கப்பலில் ஏற வேண்டியது ஐந்தரைக்கு. மூன்று மணிக்குப் பாலத்தைக் கடந்துவிட வேண்டும் என்று சாரதியிடம் முதலிலேயே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இரண்டே முக்காலுக்குக் கடப்போம் என்றார். இந்தப் பதிலைக் கேட்டதும் இவர் ஆள்தான் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. கப்பல் பயணிகளை ஏற்றிப் பிழைக்கும் உள்ளூர்ச் சாரதி, ஒரு முறை ஒருவரைக் கப்பலைத் தவறவிட வைத்தால் அவருடைய பெயர் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட நல்ல வாதம் இது. தனியார் பக்கத்துக்காக நானே சொல்லிவிடுகிறேன்.

பாதுகாப்புப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. கப்பல் நிறுவனத்திடம் வாங்கினால் விபத்து ஏதும் நடக்காது, நடந்தால் அவர்கள் பொறுப்பு என்று நினைக்கிறார்கள். அந்தப் பேருந்துகளை ஓட்டுவதும் உள்ளூர் நிறுவனங்கள்தான். 2017 டிசம்பர் 19 அன்று மெக்சிக்கோவின் மகாவல் துறைமுகத்தில் இருந்து சக்சோபென் என்ற மாயர் இடிபாடுகளைப் பார்க்கக் கப்பல் பயணிகளை ஏற்றிச் சென்ற பேருந்து கவிழ்ந்து 12 பேர் இறந்தார்கள். கரைச் சுற்றுலாவை நடத்துவோர் சுதந்திரமான ஒப்பந்தக்காரர், அவர்களின் தவறுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற வாசகம் கப்பல் பயணச்சீட்டின் நிபந்தனைகளில் வழக்கமாக இருக்கும். வழக்குப் போடுவதானால் இன்ன ஊர் நீதிமன்றத்தில் மட்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். பல நிறுவனங்களுக்கு அது மயாமி. அப்படிப்பட்ட நிபந்தனை செல்லும் என்று 1991 இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கப்பல் நிறுவனம் தன் சுற்றுலாக்காரரிடம் காப்புறுதியும் உரிமமும் கேட்டு வாங்குகிறது என்பது உண்மை, அதற்கு ஒரு மதிப்பும் உண்டு. தனியாரிடம் அதை நாம்தான் கேட்க வேண்டும். நான் வாகனத்தில் ஏறுமுன் சில்லுகளைச் சுற்றிப் பார்ப்பேன், இருக்கைப் பட்டிகள் எத்தனை என்று எண்ணுவேன். ஒன்பது பேருக்கு ஏழு பட்டி என்றால் வேறு வாகனம். ஒரு தடவை இதனால் முக்கால் மணித்தியாலம் பிந்தினோம், மச்சாள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, எங்கள் ஆட்கள் இரண்டு பேராகப் போவது குறைவு. ஒரு சித்தி, இரண்டு மாமா, அவர்களின் சம்பந்திகள் என்று ஒரு பட்டாளமாகத்தான் போகிறோம். கப்பல் தலைக்கு விலை போடுகிறது, தனியார் பெரும்பாலும் வாகனத்துக்கு விலை போடுகிறார். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வேறுபாடு பல நூறு டொலர். அந்த மிச்சத்தில் ஒரு பகுதியை நேரத்தை வாங்கச் செலவழிக்க வேண்டும் என்பதே நான் சொல்வது: ஆறு மணித்தியாலச் சுற்றுலாவை நாலரையாகச் சுருக்கி, மிச்சத்தைக் கையிருப்பாக வையுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்பவரிடம் போகாதீர்கள். புயலாலோ காற்றாலோ கப்பல் அந்தத் துறைமுகத்துக்கே போகாமல் விடுவது கரீபியனில் அரிதல்ல. கப்பல் சுற்றுலாப் பணம் தானாகத் திரும்பி வரும், தனியாரின் பணம் அவர் எழுத்தில் தந்த வாக்கைப் பொறுத்தது.

இவ்வளவையும் எழுதத் தூண்டிய உடனடிக் காரணம் ஒன்றுண்டு. வரும் பெப்ரவரியில் என் அக்காவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு இருபத்திரண்டு பேர் கப்பல் ஏறுகிறோம். பயணத்தை ஒழுங்கு செய்யும் நம்மவர் முகவர், கப்பலுடன் சேர்த்து எல்லாத் துறைமுகத்துக்கும் 'எங்கள் தனிச் சுற்றுலா' என்று ஒரு தொகை போட்டிருக்கிறார். நிரலில் சென் லூசியாவின் சுஃப்ரியேரும் இருக்கிறது. திரும்பி இறங்குதுறைக்கு வரும் நேரம், கப்பலில் ஏற வேண்டிய நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னால். பேருந்து பிந்திக் கப்பல் போய்விட்டால் இருபத்திரண்டு பேரின் விமானச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் யார் பொறுப்பு என்று தொலைபேசியில் கேட்டேன். "அதெல்லாம் ஒண்டும் நடக்காது அண்ணை" என்றார். எழுத்தில் தாருங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது.

இத்தகைய முகவர்களின் விளம்பரங்கள் தங்கள் பத்திரிகையில் ஒவ்வொரு வாரமும் வருகின்றன. சுற்றுலாவும் சேர்த்த விலை என்று போடும்போது, அது கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவா அல்லது முகவர் தானே ஒழுங்கு செய்ததா, பிந்தினால் செலவு யாருடையது என்ற ஒரு வரியையும் சேர்க்கும்படி விளம்பரதாரரிடம் தாங்கள் கேட்டால் என்ன? சென் லூசியாவுக்கு மட்டும் நாங்கள் கப்பலிடமே சீட்டு எடுத்துவிட்டோம். மற்றத் துறைமுகங்களுக்கு முகவரின் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி ஒருவர்,
ஸ்காபரோ.